ஆற்றுப்படுத்தல்: தோட்டப்புறத்திலிருந்து ஒரு சொல்வரலாறு



ஊர்ப்பெயர் ஒன்று வசைச்சொல்லாக மாறுவது மொழியில் அரிதன்று. நம் நாட்டுத் தமிழர் பேச்சில் ‘தஞ்சோங் ரம்புத்தான்’ என்பது அவ்வாறு மாறிய பெயர். ஒருவரது நடத்தை பிடிக்காதபோது, “உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்” என்பர். பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு அருகே உள்ள அவ்வூரில் 1911-ஆம் ஆண்டு மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன்பின் ஊரும் நோயும் ஒரே சொல்லாயின. அம்மருத்துவமனைக்குப் பின்னாளில் ‘பஹாகியா’ என்று பெயர் மாற்றினர். மலாயில் மகிழ்ச்சி எனப் பொருள்படும் இச்சொல், நாம் ‘பாக்கியம்’ என வழங்கும் அதே வடசொல்லின் மலாய் வடிவமே. பெயர் மாறியும் வசை மாறவில்லை. அலுவலகப் பலகையில் எழுதும் பெயரைத் தெருவில் வழங்கும் பெயர் எளிதில் வென்றுவிடுகிறது.

இன்றைய பொருளுக்கு இது தொடக்கம் மட்டுமே. நோயாளியை எங்கே அனுப்புவது என்பதற்கு நம் மக்களிடம் ஒரு சொல் இருந்தது. அவர் திரும்பி வந்தபின் எங்கே, யாரிடம் சேர்ப்பது என்பதற்குச் சொல் இல்லை. நாம் ஆராய விரும்புவது அந்த இரண்டாவது சொல்லையே.

சுங்கை பாக்காப்பும் அதனைச் சூழ்ந்த தென் செபராங் பிறை வட்டாரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்கள் நிறைந்த நிலம். ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் அங்கே கொண்டுவரப்பட்டனர். 1910-இல் அம்முறை நிறுத்தப்பட்டது. கரும்பு போய் ரப்பர் வந்தது. ரப்பருக்குப் பின் செம்பனை வந்தது. தோட்டத்து வாழ்வைப் பொற்காலமாகப் பாடுவோருடன் நாம் உடன்படுவதில்லை. கங்காணியின் அதிகாரமும் கள்ளுக்கடையும் அங்கே செய்த கேடு சிறிதன்று. ஆயினும் லயத்தில் ஒருவர் இரண்டு நாள் வேலைக்கு வராவிடின், மூன்றாம் நாள் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டினர். மாரியம்மன் கோயில் திருவிழாவில் அவருக்கும் ஒரு வேலை இருந்தது. 1950-களில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. அதனைத் தடுக்கும் முயற்சியாகத் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். எனினும் பின்வந்த பதின்ம ஆண்டுகளில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். கதவைத் தட்டுவோர் அவர்களுடன் பெயரவில்லை.

சமூகத்தின் துணை மனநோயாளிக்கு உண்மையிலேயே பயன் தருமா? இதற்குத் தமிழகத்திலிருந்து அருகருகே இரு சான்றுகள் உள்ளன. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கிய 31 பேரை மருத்துவர் இரகுராம் குழுவினர் 2000-ஆம் ஆண்டு ஆராய்ந்தனர். கடுமையான மனநோய் உடையோர் குடும்பத்தினருடன் அங்கே சில வாரங்கள் தங்கிச் சிறு பணிகள் செய்து வாழ்ந்தனர். தனிச்சிறப்பான சடங்கோ மருந்தோ தரப்படவில்லை. நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இவ்வாய்வு 2002-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள், இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில் தர்கா அருகே நடந்த காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப இயலாது மாண்டனர். இரண்டும் வழிபாட்டுத் தலத்தை அண்டிய இடங்களே. முன்னதில் குடும்பத்தார் உடனிருந்தனர்; பின்னதில் நோயாளியைச் சங்கிலியிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றனர்.

இங்கிலாந்து இப்பணியை அரசுத் திட்டமாக்கியுள்ளது. தனிமையாலும் கவலையாலும் வாடுவோரை மருத்துவர் தோட்டக்குழு, பாடற்குழு, கடன் ஆலோசனை ஆகியவற்றுடன் இணைப்பதற்கென்றே பணியாளர்களை அமர்த்தும் திட்டம் 2019-இல் அறிவிக்கப்பட்டது. இதனைத் தமிழில் ‘சமூகப் பரிந்துரை’ எனப் பெயர்க்கலாம். பிழையில்லை, ஆனால் அச்சொல் மருந்துச் சீட்டின் சாயலைச் சுமக்கிறது. சீட்டை நீட்டியவுடன் வேலை முடிந்துவிட்டது என்னும் எண்ணத்தை அது தருகிறது.

நமக்கு முன்பே ஒரு சொல் இருக்கிறது. பரிசில் பெற்று மீளும் பாணர், வழியில் வறுமையுற்று வரும் பாணரைக் கண்டு, தமக்கு அளித்தவரிடம் அவரை வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. தொல்காப்பியம் இதனைப் புறத்திணையில் வைத்துப் பேசுகிறது. பத்துப்பாட்டில் செம்பாதி ஆற்றுப்படை நூல்களே. அவற்றுள் கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாத்தை மாணவர் மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும். வள்ளலின் பெயரையும் ஊரையும் சொல்லி அது நின்றுவிடவில்லை. வழியில் எங்கே இடர் உண்டு, எங்கே இரவு தங்கலாம், எந்த ஊரார் என்ன உணவு தருவர் என்பனவற்றையெல்லாம் விரித்துரைக்கிறது. சொல்பவர் மேலோர் அல்லர். அதே வறுமையில் கிடந்து, அதே வழியில் நடந்து வந்தவர். மீண்டவர் மீளாதவருக்குத் துணை நிற்பதை இன்றைய மனநல இயலும் போற்றுகிறது.

‘ஆறு’ என்னும் பெயர்ச்சொல் வழியைக் குறிக்கும். ‘ஆறு’ என்னும் வினை தணிதலைக் குறிக்கும். ‘ஆறுதல்’ அதன் வழியே வந்தது. அகராதிகள் இவற்றைத் தனித்தனியே பதிவு செய்கின்றன. இரண்டும் ஒரே வேரின என்று கூற நாம் துணியமாட்டோம். ஆயினும் ‘ஆற்றுப்படுத்தல்’ எனக் கேட்கும் செவியில் இரண்டு பொருளும் ஒருங்கே ஒலிக்கின்றன. ஈழத் தமிழில் உளவளத்துணையைக் குறிக்க இச்சொல் ஏற்கெனவே வழங்குகிறது.

சுங்கை பாக்காப் மருத்துவமனைக்கு வரும் ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்ப்போம். “நெஞ்சு கனக்கிறது, ஒரே யோசனையாக இருக்கிறது” என்கிறார். அதை ‘நெஞ்சு வலி’ எனப் பெயர்த்தால் அவருக்கு இதயப் பரிசோதனை நடக்கும். ‘சூசா ஹாத்தி’ எனப் பெயர்த்தால் உரையாடல் வேறு திசையில் செல்லும். பின்னர் அவரைக் கோயில் தேவார வகுப்பில் சேரச் சொல்லலாம். அங்கே யார் அவரை வரவேற்பார், வீட்டிலிருந்து எப்படிப் போவது, முதல் நாள் உடன் செல்பவர் யார் என்று சொல்லாவிடின் அவர் போகமாட்டார். தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்னும் சட்டப்பிரிவை நம் நாடாளுமன்றம் 2023-இல் நீக்கியது. காவல்துறைக்கு அஞ்சி வாய் மூடிக் கிடந்தோர் இனிப் பேசலாம். அவர்கள் பேசும்போது அச்சொற்களின் பொருள் அறிந்து கேட்பவர் அருகில் இருக்க வேண்டும்.

எனவே இப்பணியைச் செய்பவரை ‘இணைப்பு அதிகாரி’ என்று அழைக்க வேண்டா என்பதே நம் கருத்து. ‘ஆற்றுப்படுத்துநர்’ என்போம். ‘நர்’ விகுதி ‘ஓட்டுநர்’, ‘இயக்குநர்’ என்பவற்றால் மாணவர் நாவுக்குப் பழகியதே. ‘னர்’ என்று எழுதுவது மட்டும் பிழை.