காகிதக் கண்ணின் கதை

பள்ளிக்கூடப் பொருட்காட்சியில் சிறுவனொருவன் பிளந்த ரப்பர்ப் பந்துக்கு வர்ணம் தீட்டி வைத்துக்கொண்டு, இது கருவிழி, இது விழித்திரை என்று குச்சியால் சுட்டிக் காட்டும்போது, அந்த எளிய கைவேலைக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட பரம்பரை உண்டென்பது அவனுக்கும் தெரியாது, அவனைத் தட்டிக்கொடுக்கும் பெரியவர்களில் பலருக்கும் தெரியாது.

விழித்திரையில் பிம்பம் தலைகீழாகவே விழுகிறதென்று வானியலறிஞர் கெப்ளர் 1604-இல் எழுதினார். அதைப் பிரத்தியட்சமாகக் காணும் வழியைத் தத்துவஞானி தெக்கார்த் 1637-இல் வெளியான தமது ஒளியியல் நூலில் விவரித்தார். அப்போதுதான் இறந்த மாட்டின் கண்ணை எடுத்து, பின்புறத்துத் தோலைப் பக்குவமாகச் சீவி, அவ்விடத்தை மெல்லிய காகிதத்தாலோ முட்டை ஓட்டாலோ மூடி, இருட்டறை ஜன்னலின் துவாரத்தில் பொருத்தினால், வெளியுலகம் அந்த ஓட்டின்மேல் குட்டிச் சித்திரமாய்த் தலைகீழாய்த் தொங்கும்.

மாட்டுக்கண் மறுநாளே கெட்டுவிடும். நூரெம்பர்க் நகரத்து ஸ்தெபான் சிக் (1639–1715) தந்தத்தில் கடைந்த கண்களோ கெடாதவை. அடுக்கடுக்காய்ப் பிரித்துப் பார்க்கத் தக்கவை. ஆயினும் அவை தனவந்தரின் அபூர்வப் பொருட் பேழைக்கே உரியவை. மாணாக்கர் கைக்குக் கண்ணைக் கொண்டுவந்த பெருமையை, என் மதிப்பில், பிரெஞ்சு வைத்தியர் லூயி ஓசூவுக்கே அளிக்க வேண்டும். சடலங்கள் கிடைப்பது அரிதாகவும், மெழுகுப் பொம்மைகள் தொட்டால் கெடுவனவாகவும் இருந்த காலத்தில், அவர் காகிதக் கூழில் தக்கைத் தூளைக் கலந்து உலோக அச்சுகளில் அழுத்தி, உலர்ந்ததும் வர்ணம் பூசி, ஒவ்வோர் உறுப்பிலும் இலக்கச் சீட்டு ஒட்டி, பிரித்தாலும் திரும்பப் பூட்டலாம் என்ற வசதியையும் செய்துவைத்தார். 1828-இல் நார்மண்டியிலுள்ள தம் சொந்த ஊரிலேயே அதற்கொரு தொழிற்சாலையும் நிறுவினார். மனித உடல் மட்டுமன்றி, உள்ளதைவிடப் பன்மடங்கு பெரிதாக்கிய கண்ணும் அங்கே உருவாயிற்று; சுமார் 24 மில்லிமீட்டர் குறுக்களவே உள்ள உறுப்பைக் கடைசி வரிசைப் பையனும் காண வேண்டுமே!

ஓசூவின் கண்ணில் ஒரு குறை உண்டு: அது பார்க்காது. நம் பொருட்காட்சி மாதிரிகளுக்கும் அதே குறைதான். உபாத்தியாயர்களுக்கு ஒரு விண்ணப்பம். தேங்காய்க்கு இயற்கையே கண் வைத்திருக்கிறது; உள்ளீடு நீக்கிய முழுச் சிரட்டையில் எதிரெதிரே இரண்டு துளையிட்டு, ஒன்றில் சிரட்டையின் நீளத்துக்கு ஏற்ற குவியத் தூரமுள்ள லென்ஸையும், மற்றதில் எண்ணெய் தடவிய காகிதத்தையும் பொருத்தி, அறையை இருட்டாக்கிவிட்டு ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். வெளியே நிற்கும் வேப்பமரம் தலைகீழாகத் தெரியும்.