எரிந்து வீணாகும் எரிவாயுவும் மண்ணுக்குள் திரும்பும் கரியமில வாயுவும்

தம்மாமிலிருந்து அல்அஹ்ஸா போகும் சாலையிலோ அபுதாபியின் மேற்குப் பாலைவனத்திலோ இரவில் பயணம் செய்த சபராளிகளுக்கு அந்தக் காட்சி பழக்கமானது. தூரத்தில் உயரமான இரும்புக் குழாய் ஒன்று நிற்கும், அதன் நுனியில் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். அங்கே வேலை பார்ப்பவர்கள் அதை 'ஃப்ளேர்' என்பார்கள். எண்ணெய்க் கிணற்றில் தீப்பிடித்துவிட்டதோ என்று புதிதாகப் போனவர்கள் பயப்படுவதுண்டு. உண்மையில் அது வேண்டுமென்றே எரிக்கப்படும் தீ.

பூமிக்கடியில் எண்ணெய் தனியாக இருப்பதில்லை. மிகுந்த அழுத்தத்தில் எரிவாயு அதில் கரைந்திருக்கிறது. கோலி சோடாவின் கோலியைத் தட்டியதும் பொங்கி வருகிறதே, அதுபோல எண்ணெய் மேலே வந்து அழுத்தம் குறைந்ததும் வாயு பிரிகிறது. எண்ணெயைக் கப்பலில் ஏற்றி எங்கும் அனுப்பலாம். வாயு அப்படியல்ல. அதைச் சேகரிக்கக் குழாய்களும் அழுத்தும் இயந்திரங்களும் தேவை. கந்தகமும் ஈரமும் நீக்க ஆலை தேவை. வாங்குவதற்கு ஆள் இருக்க வேண்டும். இத்தனைக்கும் செலவழிப்பதைவிடக் கொளுத்திவிடுவது மலிவு என்று கணக்குப் போட்டதன் விளைவே இந்த நெருப்பு.

எரிக்காமல் அப்படியே வெளியே விட்டால் இன்னும் கேடு. அந்த வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடேற்றக் கூடியது அது. சில வயல்களின் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சும் கலந்திருக்கும். திடீரென அழுத்தம் கூடினால் ஆலை வெடிக்காமல் காப்பதும் இதே ஃப்ளேர்தான். ஆகவே அவசரத்துக்கு எரிப்பதை யாரும் குறை சொல்வதில்லை. பேச்செல்லாம், வேறு வழி செய்யாமல் அன்றாடம் எரிப்பதைப் பற்றியே. உலக வங்கி செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு இதைக் கணக்கிடுகிறது. 2023இல் உலகம் முழுவதும் எரிக்கப்பட்டது சுமார் 14,800 கோடி கன மீட்டர். இந்தியா ஓராண்டில் பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவைப் போல இரு மடங்குக்கும் மேல்!

இதைத் தடுக்க முடியுமா என்றால், முடியும் என்பதற்கு சவூதி அரேபியாவே சாட்சி. 1938இல் தம்மாமின் ஏழாம் எண் கிணற்றில் எண்ணெய் பெருக்கெடுத்த காலம் தொட்டுப் பல பத்தாண்டுகள் அங்கும் வாயுவின் பெரும்பகுதி எரிந்துதான் போயிற்று. 1975இல் அரசு அராம்கோவிடம் ஒரு பெரும் திட்டத்தை ஒப்படைத்தது. வயல்களில் பிரியும் வாயுவையெல்லாம் ஒரே வலைப்பின்னலில் சேர்க்கும் 'மாஸ்டர் கேஸ் சிஸ்டம்' அது. பெர்ரி, ஷத்கம், உஸ்மானிய்யா ஆகிய இடங்களில் ஆலைகள் எழுந்தன. சேகரித்த வாயுவுக்கு வேலை வேண்டுமே! வளைகுடாக் கரையில் ஜுபைலும் செங்கடல் கரையில் யான்புவும் தொழில் நகரங்களாக உருவானதற்கு அதுவே அடிப்படை. நம் ஊர்களிலிருந்து எத்தனையோ பேர் ஜுபைலுக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு வேலை கொடுத்த ஆலைகள் பலவும் முன்பு வீணாக எரிந்த வாயுவை மூலப்பொருளாகக் கொண்டவை. நம் சமையலறை சிலிண்டருக்கும் இதில் பங்குண்டு. அதில் இருக்கும் புரொப்பேனும் பியூட்டேனும் இத்தகைய வாயுவிலிருந்து பிரிபவைதாம். சவூதி அராம்கோ மாதந்தோறும் அறிவிக்கும் அவற்றின் விலையை ஒட்டியே இந்தியாவின் இறக்குமதி விலையும் கணக்கிடப்படுகிறது.

பக்கத்து நாடான இராக்கின் கதை வேறு. பஸ்ராவைச் சுற்றியுள்ள ருமைலா, ஸுபைர் போன்ற வயல்களில் இரவும் பகலும் நெருப்பு எரிகிறது. அதே நாடு மின்சாரம் தயாரிக்க ஈரானிடமிருந்து எரிவாயு வாங்கி வந்திருக்கிறது. கோடையில் 50 டிகிரி வெயிலில் மக்கள் மின்வெட்டில் வாடுகிறார்கள். சொந்த வாயுவைக் கொளுத்திவிட்டு அடுத்தவரிடம் காசு கொடுத்து வாங்கும் இந்த நிலையை முழுக்க அலட்சியம் என்று தள்ளிவிடவும் முடியாது. போர்களும் பொருளாதாரத் தடைகளும் கட்டுமானத்தைப் பல ஆண்டுகள் முடக்கிப்போட்டன. 2013 முதல் பஸ்ரா கேஸ் கம்பெனி என்ற கூட்டு நிறுவனம் ஒரு பகுதியைச் சேகரித்து வருகிறது. ஆனாலும் ருஷ்யா, ஈரானுடன் உலகில் அதிகம் எரிக்கும் நாடுகளின் வரிசையில் இராக் இன்னும் நிற்கிறது. புகை சூழ்ந்த ஊர்களில் வாழும் குடும்பங்கள் கரித்தூளையும் பென்சீன் போன்ற நச்சுகளையும் சுவாசிக்கின்றன. இதில் பணக்கணக்கை மட்டும் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்தது கரியமில வாயு. இதை எண்ணெய் எடுக்கவே பயன்படுத்துகிறார்கள் என்றால் பலர் வியப்படைவார்கள். ஒரு வயலில் இயல்பான அழுத்தத்தாலும் பின்னர் தண்ணீர் செலுத்தியும் எண்ணெய் எடுத்த பிறகும், பல இடங்களில் பாதிக்கு மேல் பாறைக்குள்ளேயே தங்கிவிடும். கடற்பஞ்சைப் பிழிந்த பிறகும் ஈரம் மிச்சமிருப்பது போல. 31 டிகிரி வெப்பத்துக்கும் 74 மடங்கு காற்றழுத்தத்துக்கும் மேலே கரியமில வாயு ஒரு விசித்திர நிலையை அடைகிறது: திரவத்தைப் போல அடர்த்தி, வாயுவைப் போல ஊடுருவும் தன்மை. அந்த நிலையில் உள்ளே செலுத்தினால் எண்ணெயோடு கலந்து அதை உப்பச் செய்கிறது, இளக்குகிறது, கிணற்றை நோக்கித் தள்ளுகிறது. எண்ணெயுடன் மேலே திரும்பி வரும் கரியமில வாயுவைப் பிரித்து மறுபடி உள்ளே அனுப்புவார்கள். அமெரிக்காவின் டெக்சாஸில் 1972லேயே இது வணிக அளவில் தொடங்கிவிட்டது.

வளைகுடாவில் இதற்கு இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. சவூதியின் ஹவிய்யா ஆலையில் பிடித்த வாயுவை 85 கிலோமீட்டர் குழாயில் கொண்டுபோய் 2015 முதல் உஸ்மானிய்யா வயலில் செலுத்துகிறார்கள். அபுதாபியில் 2016இல் தொடங்கிய அல் ரியாதா திட்டம் எமிரேட்ஸ் ஸ்டீல் உருக்காலையின் வாயுவைப் பிடிக்கிறது. இரும்புத் தாதுவிலுள்ள ஆக்சிஜனை இயற்கை எரிவாயு கொண்டு நீக்கும்போது உண்டாகும் கரியமில வாயு அது. பிடித்ததை உலர்த்தியாக வேண்டும், ஈரம் இருந்தால் அமிலமாகிக் குழாயை அரித்துவிடும். பின்னர் அழுத்தி 43 கிலோமீட்டர் தள்ளி ருமைத்தா, பாப் வயல்களுக்கு அனுப்புகிறார்கள். இரண்டு திட்டங்களின் கொள்ளளவும் ஆண்டுக்கு 8 லட்சம் டன். அபுதாபிக்கு இன்னொரு லாபம், முன்பு அழுத்தத்துக்காக வயலுக்குள் செலுத்திய இயற்கை எரிவாயு இதனால் மிச்சமாகி மின்சாரத்துக்கும் கடல்நீரைக் குடிநீராக்கவும் கிடைக்கிறது.

இத்தோடு சூழல் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று விளம்பரம் செய்தால் சற்று நிதானிக்க வேண்டும். ஒரு பீப்பாய் எண்ணெய் எரிந்தால் சுமார் 430 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. இம்முறையில் ஒரு பீப்பாய் எடுக்க உள்ளே செலுத்துவது 300 முதல் 600 கிலோ வரை. அதாவது சில வயல்களில் கணக்கு ஏறத்தாழச் சரிக்குச் சரியாகும், சில வயல்களில் நட்டம். நிலத்தடியிலிருந்தே தோண்டியெடுத்த கரியமில வாயுவைச் செலுத்தினால் சூழலுக்கு ஒரு நன்மையும் இல்லை. டெக்சாஸ் பகுதியில் பயன்படுவதில் பெரும்பங்கு அத்தகையதே. எனவே எங்கிருந்து பிடித்தது, எவ்வளவு உள்ளே தங்கியது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரியாமல் எந்தத் திட்டத்தையும் பாராட்டவோ பழிக்கவோ இயலாது.

எண்ணெய் எடுக்கும் நோக்கமே இல்லாமல் புதைப்பதும் நடக்கிறது. நார்வே எண்ணெய் எடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே, பாதுகாப்புக்குத் தேவையானதைத் தவிர வாயுவை எரிக்க அனுமதிப்பதில்லை. 1991இல் கரியமில வாயுவுக்கு வரியும் போட்டது. வரி கட்டுவதைவிடப் புதைப்பது மலிவு என்றானதும், ஸ்லைப்னர் என்ற கடல் வயலில் எரிவாயுவிலிருந்து பிரித்த கரியமில வாயுவை 1996 முதல் கடலடிப் பாறைக்குள் செலுத்தத் தொடங்கினார்கள்.