தீர்மானப் புத்தகம் வந்த வழி

மலருக்கு வரலாறு எழுதித் தரச் சொன்னாங்க. தலைவிமார் பேரையும் வாங்கிய கடன் தொகையையும் மற்றவங்க எழுதுவாங்க. நான் நம்ம விதிமுறைகளோட வரலாற்றை எழுதறேன்.

தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், தவணை, சரியான கணக்கு. இந்த அஞ்சையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். இது ஒரே நாளில் வந்தது இல்லை. 1983ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் ஏற்பட்டது. 1989ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் ஆரம்பித்தார்கள். 1992ல் நபார்டு, நாடு முழுக்க 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கலாம் என்று முன்னோட்டம் விட்டது. 1997ல் மகளிர் திட்டம் வந்து, மற்ற மாவட்டங்களுக்கும் போனது. 2011ல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் தொடங்கியது. அதில்தான் இந்த அஞ்சு வழக்கத்தையும் பஞ்ச சூத்திரம் என்று எல்லா மாநிலத்துக்கும் ஒரே மாதிரி வைத்தார்கள்.

வங்கி என்றால் பத்திரம் கேட்கும். நம்மிடம் ஏது பத்திரம்? மகளிர் திட்டத்தில் ஆறு மாசம் ஓடின குழுவைத் தரம் பார்த்துதான் அடுத்த படிக்கு விட்டார்கள். தரம் பார்க்க வந்தவர் நம்ம ஊர்க்காரர் இல்லை, நம்ம குணமும் அவருக்குத் தெரியாது. தீர்மானப் புத்தகத்தில் யார் வந்தாங்க, யாருக்கு எதுக்குக் கடன், எத்தனை தவணை கட்டினாங்கன்னு இருந்தது. அதைப் படித்துத்தான் நம்பினார். எல்லா ஊரிலும் ஒரே முறையில் எழுதினதால்தான் வெளியாளாலும் படிக்க முடிந்தது.

பெரிய கம்பெனிகளிலும் இப்படி முறை இருக்குதாம். அமெரிக்காவில் 1969ல் திட்ட மேலாண்மைக்கு என்றே ஒரு சங்கம் ஆரம்பித்து, 1996ல் வழிகாட்டிப் புத்தகம் போட்டார்கள். 2012ல் ஐ.எஸ்.ஓ.வும் 21500 என்ற எண்ணில் ஒரு தரமுறை வெளியிட்டது. என் கொழுந்தனார் ஸ்ரீபெரும்புதூரில் வேலை செய்கிறார். அவர்தான் இதைச் சொன்னார். புத்தகம் செங்கல் கனம். முழுசும் நமக்கு வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். நம்ம பதிவேட்டிலேயே ஆபீசருக்குக் காட்ட மட்டும் நிரப்புற பக்கங்கள் இருக்கு, அது எனக்குப் பிடிக்காது. ஆனா அதில் ஒரு விஷயம் நெசவுக்காரங்களுக்கு அப்படியே பொருந்தும். எந்த வேலை முடிஞ்சா எந்த வேலை தொடங்கும், யார் பொறுப்பு, எது தடங்கலாகும் என்று முதலிலேயே எழுதி வைப்பது.

எங்க குழுவில் அஞ்சு பேர் கூலி நெசவை விட்டு, சொந்தமா பட்டும் சரிகையும் வாங்கி நெய்யணும்னு கூட்டமைப்பில் கடன் கேட்டாங்க. புரட்டாசி மாசம். கடன் வாங்கின அடுத்த மாசமே முதல் தவணை என்பது வழக்கம். உட்கார்ந்து ஒரு தாளில் வரிசையா எழுதினோம். முறுக்கு நூல் வாங்கணும், சாயம் போடணும், காயணும், பாவு போட்டு வீதியில் நீட்டணும், தறியில் பிணைக்கணும், தார் சுற்றணும், அப்புறம்தான் நெசவு. (தார் சுற்றுவது பெண்கள் வேலை. இத்தனை வருஷமா அதை யாரும் கணக்கில் எழுதினதில்லை, அந்தத் தாளில்தான் முதலில் எழுதினோம்.) ஐப்பசி, கார்த்திகையில் சாயநூல் காயாது, வீதியில் பாவு நிற்காது, குழித்தறியில் தண்ணீர் ஊறும். எழுதிப் பார்த்தா, தைக்கு முன்னாடி விற்க ஒரு சேலைகூட இருக்காது! தவணை தவறினா அஞ்சு பேருக்கு மட்டும் இல்லை, குழுவுக்கே அடுத்த கடன் நிற்கும். அப்புறம் கந்துவட்டிக்காரர் வாசல்தான்.

தாளைக் கூட்டமைப்பில் வைத்தோம். முதல் தவணையைத் தை கடைசிக்கு மாற்றித் தீர்மானம் போட்டாங்க. ஒருத்தரும் தவறலை.

அந்தத் தாளைப் பக்கத்து ஊர்க் குழு கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. அவங்களுக்குக் கறவை மாட்டுக் கடன். சாயம், பாவு எல்லாத்தையும் அடிச்சிட்டு சினை, கன்று, கறவை, பால் வற்றுற மாசம்னு எழுதிக்கிட்டாங்க.