சீட்டும் நாட்குறிப்பும்: அந்தமானில் எழுதுகோலின் வரலாறு

நாட்குறிப்பு எழுதுவதை நற்பழக்கம் என்று போற்றுகிறோம். தேதியிட்ட ஓர் ஏடு, கைக்கு இணங்கிய மைப்பேனா, நாள்தோறும் அரைமணி நேரம் இருந்தால் போதும் என்பது நம் எண்ணம். நான் வசிக்கும் லம்பா லைன் அடங்கிய போர்ட் பிளேரின் வரலாறோ வேறொன்றைச் சொல்கிறது. ஏட்டையும் எழுதுகோலையும் யார் வைத்திருக்கலாம் என்பதை இங்கே நெடுங்காலம் அரசே தீர்மானித்தது.

தமிழில் நாட்குறிப்பு என்றவுடன் நினைவுக்கு வருபவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை, கால் நூற்றாண்டு, கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்தார். அந்த ஏடுகள் அவர் குடும்பத்தார் வீட்டில் கிடந்து, 1846இல் கலுவா மோம்பிரேன் கண்ணில் பட்டன. துபாஷியான அவருக்குத் தாளும் ஓய்வும் வாய்த்தன. எழுதியதைக் காக்க ஒரு வீடும் இருந்தது.

1858 மார்ச்சில் அந்தமானில் இறக்கப்பட்ட கைதிகளுக்கு இவற்றில் எதுவுமில்லை. நாடுகடத்தப்பட்டு 1861இல் இங்கேயே மறைந்த அறிஞர் ஃபஸ்லே ஹக் கைராபாதி, 1857 எழுச்சியைப் பற்றி அரபியில் எழுதினார். துணியிலும் தாள்துண்டுகளிலும் கரியால் எழுதி மறைவாகத் தாயகம் அனுப்பினார் என்பது வழிவழிச் செய்தி. 1866இல் வந்த ஜாஃபர் தானேசரிக்கு அலுவலக எழுத்தர் பணி கிடைத்தது. பகலெல்லாம் பேனா பிடித்த அவரும் 1883இல் விடுதலையாகி ஊர் திரும்பிய பின்னரே தம் அந்தமான் வாழ்வை உருதுவில் நூலாக்கினார்.

1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறையில் இந்த முரண் இன்னும் கூர்மையடைந்தது. ஒவ்வொரு கைதிக்கும் ‘ஹிஸ்டரி டிக்கெட்’ என்ற வரலாற்றுச் சீட்டு உண்டு. அவன் செய்த வேலை, குற்றம், பெற்ற தண்டனை ஆகியவை தேதிவாரியாக அதில் பதியப்பட்டன. ஒழுங்கில் குறையாத நாட்குறிப்புதான் அது. எழுதியவர் மட்டும் சிறை அதிகாரி. லம்பா லைனை ஒட்டிய விமான நிலையத்திற்குப் பெயர் தந்த சாவர்க்கரின் சீட்டில், சக கைதிக்கு எழுதிய கடிதம் வைத்திருந்தமைக்கான தண்டனையும் இடம்பெறுகிறது. ஆணியாலும் முள்ளாலும் சுவரில் கவிதை கீறி, மனனம் செய்தபின் அழியவிட்டதை அவரே நினைவுக் குறிப்பில் கூறுகிறார். கைதியைப் பற்றி அரசு எழுதலாம். தன்னைப் பற்றி அவன் எழுதலாகாது.

1933 மே மாதம் தொடங்கிய உண்ணாவிரதத்தில் உணவு, விளக்கு ஆகியவற்றோடு நூல்களும் இதழ்களும் கோரிக்கைகளாயின. மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர்நீத்தனர். அதன் பின்னரே வாசிக்கும் உரிமை விரிந்தது. 1935இல் உருவான கம்யூனிஸ்டுக் கைதிகளின் அமைப்பு சிறைக்குள்ளேயே கையெழுத்து இதழ் நடத்தியது. அதே 1935இல்தான் ராஜமுந்திரி ரத்னம் செய்த சுதேசி மைப்பேனாவைப் பாராட்டிக் காந்தி கடிதம் எழுதினார். தாய்நிலத்தில் தன்மானத்தின் அடையாளமாக உயர்ந்த எழுதுகோலுக்கு, இத்தீவில் மூன்று உயிர்கள் விலையாயின.

அரசின் ஏடுகள் ஆவணக் காப்பகங்களில் பத்திரமாக இருக்கின்றன. கைதிகளின் வழிவந்தோரும், பிழைப்புக்காகக் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பத்தாரும் தம் கதையைப் பெரும்பாலும் வாய்மொழியாகவே காத்து வருகின்றனர். சொல்வதற்கு ஆளிருக்கும் வரைதான் வாய்மொழி நிற்கும்.

ஆகவே நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு மூத்தோரிடம் எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து, எந்தக் கப்பலில் வந்தனர் என்று கேட்டுத் தேதியிட்டு எழுதுங்கள். மைப்பேனாவால் எழுதுவோர் நீரில் கரையாத மையைத் தேர்ந்தெடுங்கள். இத்தீவின் ஈரக்காற்று சாதாரண மையை விட்டுவைக்காது. நம்மைப் பற்றிய சீட்டை மற்றவர் எழுதிய காலம் முடிந்துவிட்டது. இனி எழுதாமல் விடுவதற்கு நாமே பொறுப்பு.