திருகோணமலை வாக்காளரும் பிரதிநிதித்துவமும்: ஒரு வரலாற்று நோக்கு

திருகோணமலையின் வரலாறு துறைமுகத்தின் வரலாறாகவோ, கோணேசர் கோயிலின் வரலாறாகவோ, கட்சித் தலைவர்களின் வரலாறாகவோதான் பெரும்பாலும் எழுதப்பட்டு வந்துள்ளது. அங்கு வாக்களித்த மனிதர் அந்நூல்களில் ஓர் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெறுகின்றார். வேட்பாளர்மீது அவர் கொண்ட நம்பிக்கையும் அது முறிந்த விதமும் தனி ஆய்வுக்குரியன. "வேட்பாளர் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்" என்னும் பழகிய குறைகூறலோடு நின்றுவிட நாம் விரும்பவில்லை. தனிமனிதர் ஒழுக்கத்தைக் காரணமாகக் கூறுவது எளிது. அம்முறிவுக்குச் சமூகப் பொருளாதார அடித்தளம் ஒன்றுண்டு என்பதே எமது கருத்து.

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியலமைப்பின்கீழ் சர்வசன வாக்குரிமை கிடைத்தபோது யாழ்ப்பாணத்து வாலிபர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பால் வடக்கின் நான்கு தொகுதிகள் வெற்றிடமாயின. திருகோணமலையும் மட்டக்களப்பும் அவ்வழி செல்லவில்லை. வாக்குச்சீட்டைப் பயன்படுத்திப் பார்ப்பதென்ற மனப்பாங்கு இங்கு தொடக்கத்திலிருந்தே இருந்தது. 1947இல் திருகோணமலைத் தொகுதி தமிழ்க் காங்கிரஸைச் சேர்ந்த எஸ். சிவபாலனைத் தெரிவுசெய்தது. அடுத்த ஆண்டே காங்கிரஸ் தலைவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் ஐக்கிய தேசியக் கட்சி அரசில் அமைச்சரானார். அதே 1948இல் வந்த குடியுரிமைச் சட்டமும் 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தொழிலாளரின் வாக்குரிமையைப் பறித்தன. 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தோன்றியது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி நாடு முழுவதிலும் இரண்டே இடங்களைப் பெற்றது. ஒன்று வடக்கே கோப்பாய், மற்றையது திருகோணமலை. செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்ற அத்தேர்தலில் என். ஆர். இராசவரோதயம் இங்கு வென்றமை சிந்தனைக்குரியது. ஒரு கட்சியிடம் ஏமாந்த வாக்காளர் மற்றொரு கட்சியை நாடும் போக்கை இத்தொகுதியில் நாம் மிகவும் முன்கூட்டியே காண்கிறோம்.

1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சியின் மாநாடு திருகோணமலையிலேயே கூடியது. சமஷ்டி, மொழிச் சமத்துவம், குடியுரிமை, குடியேற்றம் ஆகிய கோரிக்கைகளை அது முன்வைத்தது. அவற்றின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. குடியேற்றப் பிரச்சினை இம்மாவட்டத்து விவசாயியின் நிலத்தையே தொட்டது. ஆயினும் 1957 அக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டதை அடுத்து, தளத்தை நம்பி வாழ்ந்த கூலித் தொழிலாளர், கைவினைஞர், சிறு வணிகர் ஆகியோரின் பிழைப்பு என்னாவது என்ற வினா மேடைகளில் மொழிப் பிரச்சினையளவு முக்கியத்துவம் பெறவில்லை. அந்நியத் தளம் அகன்றமை ஏகாதிபத்திய எதிர்ப்பின் வெற்றி என்பதில் ஐயமில்லை. அவ்வெற்றியின் விலையைச் செலுத்தியோர் யாவர் என்று இடதுசாரிகளாகிய நம்மவரும் போதியளவு கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மீனவரைப் பொறுத்தவரை, அவர்களது வாழ்வை அரசியல் மேடையிலும் பார்க்க இலக்கியமே கூர்ந்து நோக்கியது, மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' அதற்குச் சான்று.

1965இல் டட்லி சேனநாயக்கவின் அரசில் தமிழரசுக் கட்சி சேர்ந்தது. செனற் சபை உறுப்பினரான மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். மக்கள் நேரே தெரிவுசெய்யாத ஒருவர் உள்ளூராட்சிக்குப் பொறுப்பாயிருந்தமை அக்காலத்து முரண்களில் ஒன்று. பிரட்றிக் கோட்டைக்குள் அமைந்த கோணேசர் கோயிற் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் ஒரு குழுவை நியமித்தார். பௌத்த பிக்கு ஒருவர் எதிர்ப்புத் தெரிவிக்கவே, பிரதமர் அதனை இடைநிறுத்தினார். 1968இல் திருச்செல்வம் பதவி துறந்தார். உள்ளூராட்சி அமைச்சரே ஊரின் ஒரு மூலையைப் பற்றி முடிவெடுக்க இயலாதென்றால், நகரசபை உறுப்பினர் எம்மாத்திரம்?

இங்குதான் பிரச்சினையின் வேர் உள்ளது. 1939ஆம் ஆண்டு 61ஆம் இலக்க நகரசபைகள் கட்டளைச் சட்டம் உள்ளூர் மன்றத்துக்கு வழங்கியவை தெரு, வடிகால், சந்தை, சுகாதாரம், சோலைவரி முதலியன. நகரத்தின் பொருளாதார உயிர்நாடியோ அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. துறைமுகம் கடற்படையிடமும் 1979இல் அமைந்த துறைமுக அதிகார சபையிடமும் உள்ளது. சீனன்குடாவையடுத்த 99 எண்ணெய்க் குதங்களின் பங்கீடு 2022 சனவரியில் முடிவாயிற்று: 61 கூட்டு நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு. அது கொழும்பும் புதுடில்லியும் பேசி முடித்த காரியம். இந்நிலையில் உள்ளூர்த் தேர்தலுக்கு நிற்பவர், தம் மன்றத்தால் ஆகாத பெரிய விடயங்களைப் பற்றி முழங்குகின்றார். ஆகக்கூடிய வடிகாலைப் பற்றிப் பேசுவது அவருக்குச் சிறுமையாகப் படுகின்றது. வாக்காளருக்கு இரண்டும் கிடைப்பதில்லை.

2023இல் இம்முறிவு புதியதொரு வடிவம் பெற்றது. மார்ச் 9ஆம் நாள் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரியில் பணமில்லை என்ற காரணத்தால் நின்றுபோயிற்று. மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. நிர்வாகம் அதிகாரிகள் கைக்குச் சென்றது. வேட்புமனுக் கொடுத்த அரச ஊழியர் பலர் பணிக்குத் திரும்ப முடியாமல் இடர்ப்பட்டனர். ஏமாற்றம் இம்முறை வேட்பாளரையும் விட்டுவைக்கவில்லை. 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம், தேர்தலை நடத்தாமல் விட்டமை அடிப்படை உரிமை மீறல் எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் திருகோணமலை மாவட்டத்தின் நான்கு இடங்களில் இரண்டைத் தேசிய மக்கள் சக்தி வென்றது. இதனை இனப் பிரச்சினை மறைந்ததன் அடையாளமாகக் கொள்வோர் அவசரப்படுகின்றனர். 1952இல் கண்ட அதே தேடலின் மறுவடிவமென்றே நாம் அதனைக் கொள்வோம்.

2023ஆம் ஆண்டு வேட்புமனுக்கள் தனிச்சட்டத்தால் இரத்தாகி, 2025 மே 6இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. முறை 2018இற் போன்றதே: உறுப்பினரில் அறுபது வீதத்தினர் வட்டாரங்களிலிருந்தும் நாற்பது வீதத்தினர் பட்டியலிலிருந்தும் வருவர். பட்டியலில் எவர் உறுப்பினராவார் என்பதை வாக்கெண்ணிய பின்னரே கட்சிச் செயலாளர் அறிவிப்பார். தம் மன்றத்தில் அமரப்போகும் பலரின் பெயரை வாக்காளர் வர்த்தமானி வெளிவந்த பிறகே அறிந்துகொண்டனர்.