இரண்டு எஞ்சின், ஒரு விமானி: சிறு விமானங்களில் ஆற்றல் இழப்பைக் கையாளக் கற்ற வரலாறு

1950ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலிருந்து தலைநகர் வாஷிங்டனுக்கு ஒரு சிறு விமானம் பறந்தது. டெட் ஸ்மித் வடிவமைத்த ஏரோ கமாண்டர் என்னும் இரட்டை எஞ்சின் விமானம் அது. அதன் எஞ்சின்களுள் ஒன்றின் புரொப்பெல்லர் கழற்றப்பட்டு விமானத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தது. ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட தொலைவை எஞ்சிய ஒற்றை எஞ்சினைக் கொண்டே அது கடந்தது. ஓர் எஞ்சின் நின்றாலும் மற்றொன்று கரைசேர்க்கும் என்பதை உலகுக்குக் காட்டுவதே அப்பயணத்தின் நோக்கம்.

அந்தப் பயணம் மெய்ப்பித்தது உண்மைதான். எனினும் அது முழு உண்மையன்று. நடுவானில் நின்றுபோகும் எஞ்சினின் புரொப்பெல்லர் கழன்று விழுவதில்லை. எதிர்க்காற்றால் சுழன்றுகொண்டே விமானத்தைப் பின்னுக்கு இழுக்கிறது. இதனினும் முக்கியமானது மற்றொன்று: எந்த எஞ்சின் இயங்காது என்பதை ஏரோ கமாண்டரின் விமானிகள் புறப்படுமுன்பே அறிந்திருந்தனர். எதிர்பாராமை என்னும் கூறு அச்சோதனையில் இல்லை. இரட்டை எஞ்சின் விமானங்களின் பாதுகாப்பு வரலாற்றைக் கூர்ந்து நோக்கினால், பொறியியலால் இழுவையைக் குறைக்க முடிந்தது என்பதும், எதிர்பாராமையை வெல்ல நெடுங்காலமும் பல உயிர்களும் தேவைப்பட்டன என்பதும் புலனாகும்.

இவ்வரலாற்றின் தொடக்கம் பயணியர் விமானங்களில் இருக்கிறது. 1932இல் டி.டபிள்யு.ஏ. நிறுவனம் மூன்று எஞ்சின் கொண்ட புதிய விமானம் ஒன்றைக் கோரியபோது, டக்ளஸ் நிறுவனம் இரண்டே போதும் என்றது. நிறுவனத்தின் ஆலோசகராக இருந்த சார்ல்ஸ் லிண்ட்பர்க் அதற்கு ஒரு நிபந்தனை விதித்தார்: தங்கள் வழித்தடத்தின் எந்த நிலையத்திலிருந்தும் ஒற்றை எஞ்சினில் மேலெழ இயல வேண்டும் என்பதே அது. 1933இல் டி.சி.-1 விமானம் அரிசோனாவின் வின்ஸ்லோவிலிருந்து ஆல்புகர்க்கி வரை ஓர் எஞ்சினில் பறந்து அந்நிபந்தனையை நிறைவேற்றியது. அதே ஆண்டில், இதழ்களின் கோணத்தைப் பறக்கும்போதே மாற்றவல்ல புரொப்பெல்லருக்காக ஹாமில்டன் ஸ்டாண்டர்ட் நிறுவனமும் அதன் பொறியாளர் ஃபிராங்க் கால்டுவெல்லும் காலியர் விருது பெற்றனர். 1930களின் இறுதிக்குள், நின்ற எஞ்சினின் இதழ்களைக் காற்றின் திசைக்கு இணையாகத் திருப்பிச் சுழற்சியையே நிறுத்தும் வசதியும் வந்தது. விமானிகள் இதை ‘ஃபெதர்’ செய்தல் என்பர். இழுவைச் சிக்கலுக்கு இவ்வாறு விடை கிடைத்தது. ஆனால் அந்த நெம்புகோலை உரிய நேரத்தில், உரிய பக்கத்தில் இழுக்க வேண்டியவர் மனிதர்.

இரண்டாம் உலகப்போர் இந்த மனிதக் கூறை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. பி-26 மரோடர் குண்டுவீச்சு விமானத்தின் பயிற்சித்தளம் ஃபுளோரிடாவின் டாம்பா நகருக்கருகே அமைந்திருந்தது. ‘நாளுக்கொன்று டாம்பா விரிகுடாவில்’ என்ற பொருள்படும் கசப்பான சொலவடை அங்கே வழங்கியது. புறப்பாட்டின்போது ஓர் எஞ்சின் நின்றால் மரணம் உறுதி என்ற அச்சம் இளம் விமானிகளிடையே பரவியிருந்தது. அவர்கள் கண்முன் ஜிம்மி டூலிட்டில் ஓர் எஞ்சினை நிறுத்தி மேலெழுந்தார். இறந்த எஞ்சினின் பக்கமாகவே விமானத்தைச் சாய்த்துத் திருப்பினார். சுற்றிவந்து அதே நிலையில் தரையிறங்கினார். பின்னர் இறக்கைகள் நீட்டப்பட்டன, பயிற்சியும் சீரமைக்கப்பட்டது.

பி-38 லைட்னிங் கற்பித்த பாடம் இன்னும் நுட்பமானது. புறப்பாட்டில் ஓர் எஞ்சின் நின்றால், நல்ல எஞ்சினின் முழு ஆற்றல் விமானத்தை மறுபுறம் திருப்பிக் கவிழ்த்துவிடும். எனவே முதலில் நல்ல எஞ்சினின் ஆற்றலைக் குறைத்து, நின்றதை ஃபெதர் செய்து, அதன்பின் ஆற்றலைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்று விமானிகளுக்குக் கற்பிக்கப்பட்டது. தரை நெருங்கும் வேளையில் எஞ்சியிருக்கும் ஒரே ஆற்றலைக் குறைப்பது இயல்புணர்வுக்கு நேர்மாறான செயல். இயல்புணர்வை நம்பாதே என்பதே இத்துறையின் முதற்பாடமாயிற்று.

போருக்குப் பின் இரட்டை எஞ்சின் தனியார் கைகளுக்கு வந்தது. பைப்பர் அப்பாச்சி, செஸ்னா 310, பீச்கிராஃப்ட் ட்வின் பொனான்சா ஆகியவை வணிகர்களையும் மருத்துவர்களையும் சுமந்தன. இங்கே ஒரு கணக்கு கவனிக்கத்தக்கது. தலா 180 குதிரைத்திறன் கொண்ட இரு எஞ்சின்கள் உள்ளன என்றும், உயரம் குறையாமல் பறக்கவே 140 தேவை என்றும் கொள்வோம். இரண்டும் இயங்கும்போது மேலேறுவதற்கு 220 எஞ்சும். ஒன்று நின்றால் எஞ்சுவது 40 மட்டுமே. விமானம் கோணலாகப் பறப்பதால் கூடும் இழுவை அதிலும் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆற்றலில் பாதியை இழக்கும் விமானம், மேலேறும் திறனில் 80 விழுக்காட்டுக்கும் மேல் இழப்பது இதனால்தான். 6,000 பவுண்டுக்கு மேற்படாத, மெதுவாகத் தரையிறங்கும் சிறு விமானங்கள் ஒற்றை எஞ்சினில் மேலேறியே தீர வேண்டும் என்று அமெரிக்க விதிகள் நெடுங்காலம் கோரவும் இல்லை. ‘இரண்டு இருப்பதால் இருமடங்கு பாதுகாப்பு’ என்னும் எளிய கூட்டல் இவ்விடத்தில் பொய்த்துவிடுகிறது.

ஆற்றல் குறைவதோடு திசையும் பிறழ்கிறது. நின்ற எஞ்சினின் பக்கம் திரும்பும் மூக்கை, எதிர்ப்பக்கச் சுக்கான் மிதியை அழுத்தி விமானி நேராக்குகிறார்; இயங்கும் எஞ்சினின் பக்கம் 5 பாகை வரை சாய்க்கிறார். வேகம் குறையக் குறையச் சுக்கானின் வலிமையும் குறைகிறது. ஒரு வரம்புக்குக் கீழே முழுச் சுக்கானும் போதாது. அதுவே குறைந்தபட்சக் கட்டுப்பாட்டு வேகம். வேகமானியில் அது சிவப்புக் கோடு. ஒற்றை எஞ்சினில் மிகச் சிறப்பாக மேலேறும் வேகம் நீலக் கோடு. இரண்டு புரொப்பெல்லர்களும் விமானியின் பார்வையில் வலஞ்சுழியாகச் சுழலும் விமானங்களில், வலப்புற உந்துவிசை நடுக்கோட்டிலிருந்து சற்றுத் தள்ளி அமைகிறது. ஆதலால் இடப்புற எஞ்சின் நிற்பதே கூடுதல் ஆபத்து.

இந்தச் சிவப்புக் கோட்டை மாணவர்க்குக் காட்டும் முயற்சியே உயிர்களைப் பறித்தது இவ்வரலாற்றின் துயரமான முரண். 1960களில் பைப்பர் ட்வின் கொமாஞ்சி பயிற்சிக்குப் பரவலாகப் பயன்பட்டது. உயரம் கூடக்கூட எஞ்சினின் ஆற்றல் குறைவதால் சிவப்புக் கோட்டின் வேகமும் இறங்குகிறது. இறக்கை தூக்குவிசையை இழக்கும் வேகமோ வேகமானியில் மாறுவதில்லை. இரண்டும் ஒன்றையொன்று நெருங்கும்போது, பயிற்சி எல்லை மீறினால் விமானம் தட்டாமாலை சுற்றி வீழும். தாழ்வாகப் பயிற்சி செய்தால் அந்த இடைவெளி தெளிவாகத் தெரியும். ஆனால் தவறு நேர்ந்தால் மீள்வதற்கு உயரம் இராது. பல பயிற்சி விபத்துகளுக்குப் பின் அவ்விமானத்தின் குறைந்தபட்சக் கட்டுப்பாட்டு வேகம் மணிக்கு 80 மைலிலிருந்து 90 மைலாக உயர்த்தப்பட்டது. எதிரெதிராகச் சுழலும் புரொப்பெல்லர்கள் கொண்ட வடிவம் 1970இல் வந்தது.

செஸ்னா நிறுவனம் வேறு வழியில் சென்றது. 1961இல் முதலில் பறந்த ஸ்கைமாஸ்டரில் ஓர் எஞ்சின் முன்னும் ஒன்று பின்னுமாக நடுக்கோட்டிலேயே அமைந்தன. எது நின்றாலும் விமானம் திரும்பாது. சிக்கல் வேரோடு களையப்பட்டதாகவே தோன்றியது. ஆனால் பின் எஞ்சின் தரையிலேயே நின்றுவிட்டதை அறியாமல் முன் எஞ்சினை மட்டும் கொண்டு மேலெழ முயன்ற விபத்துகள் நிகழ்ந்தன. ஒற்றை எஞ்சினில் புறப்பாட்டைத் தொடங்காதீர் என்னும் எச்சரிக்கைப் பலகையை விமானி அறையில் ஒட்டுமாறு 1977இல் ஆணையிட வேண்டியதாயிற்று. மூக்கு திரும்புவது ஆபத்து மட்டுமன்று, அறிகுறியும்கூட என்பதை அந்த அறிகுறி மறைந்த பின்னரே உணர முடிந்தது.

அந்த அறிகுறியை வாசிக்கும் முறையைத்தான் விமானிகளின் வாய்மொழி மரபு பேணி வருகிறது. ‘டெட் ஃபுட், டெட் எஞ்சின்’ என்பது அதன் சூத்திரம். எந்தக் காலுக்கு வேலை இல்லையோ, அந்தப் பக்கத்து எஞ்சினே நின்றது. அதைத் தொடர்ந்து மூன்று ஏவல் வினைகள் வருகின்றன: இனங்காண், சரிபார், ஃபெதர் செய். இவற்றுள் நடுவில் நிற்பதே உயிர்நாடி. நின்றதாகக் கருதும் எஞ்சினின் ஆற்றல் நெம்புகோலை மெல்லப் பின்னிழுத்தால் ஒலியிலும் போக்கிலும் மாற்றம் எதுவும் வரக்கூடாது. வந்தால் கை வைத்த இடம் தவறு.

இந்த இடைநிலைச் சொல்லைத் தாண்டிச் செல்வதன் விலை பெரிய விமானங்களிலும் அதே விலைதான். 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில் புறப்பட்ட டிரான்ஸ் ஏசியா நிறுவனத்தின் ஏ.டி.ஆர். 72 விமானத்தில் இரண்டாம் எஞ்சின் புரொப்பெல்லர் தானாகவே ஃபெதர் ஆயிற்று. விமானி அறையில் நிறுத்தப்பட்டதோ நன்றாக இயங்கிக்கொண்டிருந்த முதலாம் எஞ்சின். அதிலிருந்த 58 பேரில் 43 பேர் மாண்டனர்.

இன்று மெய்யாகவே எஞ்சினை நிறுத்தும் பயிற்சி போதிய உயரத்தில் மட்டுமே நடைபெறுகிறது. ஓடுபாதையில் செய்து காட்டுவதானால், சிவப்புக் கோட்டு வேகத்தின் பாதியை எட்டுமுன் செய்கின்றனர். அதோடு, ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன் விமானி வாய்விட்டுச் சொல்லும் வழக்கமும் நிலைபெற்றுள்ளது: தரையில் இருக்கும்போது நின்றால் இரண்டு நெம்புகோலையும் பின்னிழுப்பேன், மேலெழுந்தபின் ஓடுபாதை எஞ்சியிருந்தால் நேரே இறங்குவேன், எஞ்சாவிடில் நீலக் கோட்டைப் பிடிப்பேன், விமானம் மேலேற மறுத்தால், கட்டுப்பாட்டை இழக்காமல் முன்னுள்ள நிலத்தில் இறக்குவேன். தனியே பறப்பவரும் இதை உரக்கச் சொல்லுமாறு பயிற்றுவிக்கப்படுகிறார்.

1950இல் ஏரோ கமாண்டரின் விமானிகளுக்கு இருந்த பெரும் துணை, எது நடக்கும் என்ற முன்னறிவு. அவ்வறிவைப் பொறியியலால் வழங்க இயலவில்லை. புறப்படுமுன் சொல்லப்படும் இச்சில வாக்கியங்களே அதை ஓரளவேனும் வழங்குகின்றன: எஞ்சின் எப்போது நிற்கும் என்று அவை சொல்லமாட்டா, நின்றால் என்ன செய்வது என்னும் முடிவை மட்டும் தரையிலேயே எடுத்து வைக்கின்றன.