குளிர்ப் பகுதி முகாமுக்கு ஏற்ற உறக்கப் பை: நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்குமான வழிகாட்டி

பொது விளக்கம்

மலைப்பகுதிகளில் கூடாரம் அமைத்து இரவு தங்குவோர் பயன்படுத்தும் 'ஸ்லீப்பிங் பேக்' எனப்படும் உறக்கப் பை, தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உடல் வெளியிடும் வெப்பத்தை வெளியேறவிடாமல் காப்பதே அதன் பணி. எனவே, உடலில் வெப்பம் குறைவாக உற்பத்தியாகும் முதியோர், தைராய்டு சுரப்புக் குறைபாடு உடையோர், உடல் மெலிந்தோர் ஆகியோருக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் காப்புள்ள பை தேவைப்படும்.

உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் இறங்குவது 'தாழ் உடல்வெப்பநிலை' எனப்படும். உரிய நேரத்தில் கவனிக்காவிட்டால் இது உயிருக்கே ஆபத்தாகும்.

எவ்வளவு குளிரை எதிர்பார்க்க வேண்டும்?

ஒவ்வொரு 1000 மீட்டர் உயரத்திற்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி அளவிற்குக் குறைகிறது. நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுவதுண்டு. உத்தராகண்டின் கேதார்காந்தா போன்ற குளிர்கால மலையேற்றப் பாதைகளில் இரவு வெப்பநிலை பூச்சியத்திற்கும் கீழே செல்லும். தங்கவிருக்கும் இடத்தின் பகல்நேர வெப்பநிலையைக் கொண்டு பையைத் தேர்வு செய்யலாகாது. அதிகாலையின் மிகக் குறைந்த வெப்பநிலையையே கணக்கில் கொள்ள வேண்டும்.

பையின் மீதுள்ள வெப்பநிலைக் குறியீடுகள்

ஐ.எஸ்.ஓ. 23537 என்னும் பன்னாட்டுத் தர அளவின்படி சோதிக்கப்பட்ட பைகளில் பின்வரும் அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும்.

• வசதி வெப்பநிலை: சராசரி உடலமைப்புள்ள பெண் ஒருவர் தளர்வாகப் படுத்துக் குளிரின்றி உறங்கக்கூடிய அளவு.
• எல்லை வெப்பநிலை: சராசரி உடலமைப்புள்ள ஆண் ஒருவர் உடலைச் சுருக்கிக்கொண்டு ஓரளவு உறங்கக்கூடிய அளவு.
• கடும் வெப்பநிலை: உறக்கத்திற்கானது அன்று, உயிர் தப்புவதற்கான அளவு மட்டுமே. இந்நிலையில் தாழ் உடல்வெப்பநிலை ஏற்படும் அபாயம் உண்டு.

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் காணப்படுவது எந்த அளவு என்பதைக் கேட்டறிதல் அவசியம். இவ்வளவுகள் உடல்நலமுள்ள பெரியவர்களைக் கருத்தில்கொண்டு வகுக்கப்பட்டவை. ஆதலால் நாட்பட்ட நோயுள்ளவர்கள், எதிர்பார்க்கப்படும் குளிரைவிடக் குறைந்தது 5 டிகிரி கீழான வசதி வெப்பநிலை கொண்ட பையைத் தேர்வு செய்வது நல்லது.

பை எவ்வளவு இடவசதியுடன் இருக்க வேண்டும்?

பை மிக இறுக்கமாக இருந்தால் உள்ளிருக்கும் காப்புப் பொருள் நசுங்கி வெப்பம் வெளியேறும். தேவைக்கு மேல் அகன்றிருந்தால் உள்ளிருக்கும் வெற்றிடத்தையும் உடலே சூடாக்க நேரிடும். இரண்டுக்கும் இடைப்பட்டதே சிறந்தது. வாங்குவதற்கு முன், இரவில் அணியும் உடையுடன் பையினுள் படுத்து, ஜிப்பை முழுவதும் மூடிப் பார்க்க வேண்டும். கைகளை மார்பின்மீது குறுக்காக வைக்கவும், முழங்கால்களைச் சற்று மடக்கவும் இயல வேண்டும். பையின் நீளம் உயரத்தைவிடச் சுமார் 15 செ.மீ. கூடுதலாக இருப்பது போதுமானது. எஞ்சும் இடத்தை உலர்ந்த உடைகளால் நிரப்பலாம்.

தலையையும் மூடும் 'மம்மி' வடிவப் பைகள் வெப்பத்தை நன்கு காக்கும். ஆயினும் மூட்டுவலி, முதுகுவலி உள்ளவர்களுக்கும், இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுபவர்களுக்கும் அகன்ற பையும், மேலும் கீழும் திறக்கக்கூடிய இருவழி ஜிப்பும் உதவியாக இருக்கும்.

காப்புப் பொருளும் தரைவிரிப்பும்

வாத்தின் மென்தூவி நிரப்பிய பைகள் எடை குறைந்தவை. மிகுந்த வெப்பம் தருபவை. ஆனால் நனைந்தால் காப்புத் திறனைப் பெருமளவு இழந்துவிடும். செயற்கை இழைப் பைகள் சற்றுக் கனமானவை; எனினும் ஈரத்திலும் ஓரளவு காப்புத் தரும்.

படுத்திருக்கும்போது உடலின் எடையால் பையின் அடிப்பகுதி நசுங்கிவிடுவதால், தரையின் குளிரைத் தடுப்பது பையன்று, அதன்கீழ் விரிக்கும் பாயே. பாயின் காப்புத் திறன் 'ஆர் மதிப்பு' என்று குறிக்கப்படும். மதிப்பு உயர்ந்தால் காப்பும் உயரும். ஒன்றன்மேல் ஒன்றாக இரு பாய்களை விரித்தால் அவற்றின் மதிப்புகள் கூடும்.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

• நீரிழிவு: இன்சுலின் உறைந்துவிட்டால் அதை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. இன்சுலினையும் குளுக்கோஸ் அளவியையும் இரவில் பையினுள் வைத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை அளவு தாழ்ந்தால் நடுங்கி வெப்பம் உண்டாக்கும் திறன் குறையும். எனவே இனிப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.
• கால்களில் உணர்ச்சிக் குறைவு: வெந்நீர்ப் புட்டியைப் பாதங்களின் அருகே வைத்து உறங்குவது, அறியாமலேயே தீப்புண்ணை உண்டாக்கும். படுக்குமுன் பையைச் சூடாக்கிவிட்டு, புட்டியை அகற்றிவிட வேண்டும்.
• ஆஸ்துமா: உறிஞ்சு மருந்துக் குப்பி குளிர்ந்தால் மருந்து குறைவாக வெளிப்படலாம். அதையும் பையினுள் வைக்க வேண்டும்.
• இதயநோய், கர்ப்பம்: பயணத்திற்கு முன் மருத்துவரின் ஆலோசனை கட்டாயம்.
• கைக்குழந்தைகள்: பெரியவர்களின் உறக்கப் பையில் படுக்க வைத்தால் மூச்சுத்திணறல் ஏற்படும் அபாயம் உண்டு.

தவிர்க்க வேண்டியவை

கூடாரத்தினுள் கரி அடுப்பு, எரிவாயு அடுப்பு ஆகியவற்றை மூட்டக் கூடாது. அவற்றிலிருந்து வெளியாகும் கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்றது. உறங்குவோரை அறியாமலேயே உயிரைப் பறிக்கும். மது அருந்தினால் உடல் சூடாவதுபோல் தோன்றும். உண்மையில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிந்து வெப்ப இழப்பு மிகும். ஈர உடையுடன் உறங்குவதும், பையினுள் முகத்தைப் புதைத்து மூச்சுவிடுவதும் தவிர்க்கப்பட வேண்டும்.

எச்சரிக்கை அறிகுறிகளும் முதலுதவியும்

கட்டுக்கடங்காத நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் நடை, குழப்பம், மிகுந்த அயர்வு ஆகியவை தாழ் உடல்வெப்பநிலையின் அறிகுறிகள். குளிரிலேயே இருக்கும் ஒருவருக்கு நடுக்கம் நின்றுபோய்க் குழப்பம் மிகுந்தால், அது நலமடைந்ததன் அடையாளமன்று. நிலை மோசமாவதன் அறிகுறி.

பாதிக்கப்பட்டவரைக் காற்றுப்படாத இடத்திற்கு மென்மையாக மாற்றி, ஈர உடையைக் களைந்து, உலர்ந்த பையினுள் பாயின்மீது படுக்க வைக்க வேண்டும். முதலில் மார்பு, கழுத்து, அக்குள் பகுதிகளைச் சூடாக்க வேண்டும். கைகால்களைத் தேய்க்கக் கூடாது. முழு நினைவுடன் இருந்து, விழுங்கவும் இயன்றால் மட்டுமே இளஞ்சூடான இனிப்புப் பானம் தரலாம். தாமதமின்றி 108 அல்லது 112 என்ற எண்ணை அழைக்கவும்.

இத்தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்று ஆகாது.